மரத்துக்கு அம்மை

கினிகத்தேனைச் சந்தியிலிருந்து இரண்டு கட்டை தூரம் கீழே இறங்கினால் வருகிற அந்தத் தோட்டத்தில், புருசன் பெண்சாதிக்குள் சண்டை என்று காதில் விழுந்தால் யாரும் அவர்கள் குடியிருக்கிற காம்பராவுக்கு ஓடமாட்டார்கள். காம்பராக்கள் வரிசையாக நிற்கிற லயத்துக்குப் பின்னால் போய் மரத்தைத்தான் பார்ப்பார்கள். மரம் தழைந்து நின்றால், "அதெல்லாம் சரியாயிரும், போங்க" என்று திரும்பிவிடுவார்கள்.

மரம் என்றால் கல்யாண முருங்கை. தேயிலைக்கு நிழல் வேண்டுமென்று வெள்ளைக்காரன் மலை மலையாக நட்டுவிட்டுப் போனது. நம் ஆட்களுக்கு அது முகூர்த்தக்கால். கல்யாணத்துக்கு முந்தின நாள் ஒரு கிளையை வெட்டி, தரையில் படாமல் மடியில் ஏந்தி வந்து, மஞ்சள் பூசிப் பந்தலில் நடுவார்கள். மூன்றாம் நாள் பொண்ணும் மாப்பிள்ளையும் அதைப் பிடுங்கி, லயத்துக்குப் பின்னாலிருக்கும் மரக்கறித் தோட்டத்து ஓரத்தில் ஊன்றவேண்டும். எந்தக் கல்லிலும் வேர் விடுகிற சாதி அது. அப்படி ஊன்றி ஊன்றி அந்த வேலியே புருசன் பெண்சாதிகளாக நின்றது. வீரய்யா வீரம்மா மரம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். சாராயத் தவறணைக்குப் போய்வருகிற நாளில் வீரய்யாவும் அப்படித்தான் நிற்பார்.

சோலைமலை பேச்சியம்மா மரத்துக்கு இருபத்தெட்டு வயது. வேலியிலேயே நேரான மரம் அதுதான் என்று சோலைமலைக்கு உள்ளூர ஒரு பெருமை உண்டு. கவ்வாத்துக்காரர் அவர். தேயிலையைக் கவ்வாத்து வெட்டாத மாதங்களில் நிழல் மரத்தில் ஏறிக் கிளை கழிக்கிற வேலை. தோட்டத்தில் இருக்கிற முருங்கை மரம் அத்தனையும் அவர் கால் பட்டது.

அந்த மரங்களுக்குத்தான் 2006 ஆனி மாதம் அம்மை போட்டது.

முதலில் கொழுந்து இலையில் நொய்யரிசி மாதிரி முத்து முத்தாகத் தெரிந்தது. அப்புறம் இலைக்காம்பு வீங்கியது. இலை சுருண்டு, முண்டும் முடிச்சுமாகத் தடித்துத் தொங்கியது. மூன்றாம் நம்பர் மலையில் ஆரம்பித்தது, ஒரே மாதத்தில் ஆற்றங்கரை வரைக்கும் இறங்கிவிட்டது. பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்களில் யாரோ ஒருத்தி, "ஆத்தா எறங்கிட்டா" என்றாளாம். யார் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. பொழுது சாய்வதற்குள் எல்லா லயத்துக்கும் அதுதான் பேச்சு.

அம்மை போட்ட மரத்தில் கத்தி வைக்கலாமா? கூடாது. காலையில் பேர் பதிகிற பெரட்டுக்களத்தில், மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா நின்று கத்து கத்தென்று கத்தினார். "மரத்துக்கு எங்கடா அம்மை வரும்? பைத்தியமா ஒங்களுக்கு?" என்றார். சரிங்கய்யா, சரிங்கய்யா என்று தலையாட்டிவிட்டு ஆட்கள் மலைக்குப் போனார்கள். ஒரு கிளை விழவில்லை. வேப்பிலை அந்தக் குளிரில் ஏது, சந்தியில் வாங்கி வந்து மரத்துக்கு மரம் கட்டினார்கள். மழையில் நனைந்துகொண்டே அடிமரத்தில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள்.

இதில் இன்னொரு கட்டுப்பாடும் இருந்தது. அம்மை வார்த்த வீட்டில் நல்ல காரியம் நடத்தக்கூடாது. முகூர்த்தக்கால் மரத்துக்கே வார்த்திருந்தால்?

சோலைமலையின் மகள் பூரணிக்கு ஆவணி பதினெட்டில் கல்யாணம்.

பூரணிக்கு இருபத்தாறு வயது. சந்தியில் ஒரு தையல் கடையில் வேலை. ஒன்பது வயதில் அம்மை போட்டு, முகமெல்லாம் தழும்பு. கன்னத்தில், நெற்றியில், மூக்கு நுனியில் கூட ஒன்று. இதற்கு முன்னால் மூன்று இடத்திலிருந்து பார்க்க வந்தார்கள். வந்தார்கள், கேசரி சாப்பிட்டார்கள், தேத்தண்ணி குடித்தார்கள், போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். பாவிகள், ஒருத்தராவது சொல்லி அனுப்பவேண்டுமே! கடைசியில் பட்டிப்பொலையிலிருந்து மரக்கறி லொறி ஓட்டி வருகிற தியாகு என்ற பையன், கிழிந்த சட்டையொன்றைத் தைக்கக் கொடுத்தான். அப்புறம் கிழியாத சட்டையெல்லாம் கொண்டு வந்தான். கட்டினால் இந்தப் பொண்ணைத்தான் என்று வீட்டில் நின்றுகொண்டான்.

அந்தத் தழும்புக்கு ஒரு கதை உண்டு. 

பிள்ளை அம்மையில் கிடந்தபோது நாலாம் நாள், நிழல் மரம் முழுக்கக் கழித்தாக வேண்டும், வராதவன் பேரை வெட்டிவிடுவோம் என்று பெரட்டில் சொல்லிவிட்டார்கள். வீட்டில் ஆத்தா இருக்கும்போது பச்சை மரத்தை வெட்டக்கூடாது என்று தெரிந்தும் சோலைமலை போனார். நாற்பது மரம் ஏறி நாற்பது மரமும் கழித்தார். திரும்பி வந்து பார்த்தால் பிள்ளை முகமெல்லாம் ரத்தம். பேச்சியம்மா வாசலில் நின்று, "வெட்டிட்டு வந்தீங்கல்ல? வந்து பாருங்க, வெட்டுனது எங்க விழுந்திருக்குன்னு" என்றாள். அந்த ஒரு வார்த்தைதான். அதற்குப் பிறகு பதினேழு வருசத்தில் அவள் அதைத் திரும்பச் சொன்னதே இல்லை. சொல்லாமல் இருந்ததுதான் அவருக்குத் தாங்கவில்லை.

இப்போது மரத்துக்கே அம்மை. ஆத்தா மறக்கவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டார்.

*

ஆடி கடைசியில், மழை கொஞ்சம் விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, பந்தல் விசயம் பேசச் சம்பந்தி வீட்டார் வந்தார்கள். தியாகுவின் அம்மா நாகலெட்சுமி, பெரிய உடம்பு, பெரிய குரல். அப்பா கந்தப்பன் ஒல்லி. அவர் பேசுவதெல்லாம் ஒரே சொல்தான், "அதானே."

காலில் ஏறியிருந்த அட்டையைச் சவர்க்காரம் தேய்த்து உதிர்த்துவிட்டு, நாகலெட்சுமி இஸ்தோப்புத் திண்ணையில் ஏறவில்லை. நேரே பின்னால் போய் மரத்தைப் பார்த்தாள். பிறகு வந்து உட்கார்ந்து, பேச்சியம்மா கொடுத்த ரொட்டியையும் கட்டச் சம்பலையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்தாள்.

"சம்பந்தி, நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க சம்பந்தியம்மா."

"மரத்துல ஆத்தா இருக்கா. இந்த நேரத்துல போயி கால் வெட்டலாமா?"

"வேற நல்ல மரமா பாத்து..." என்று சோலைமலை இழுத்தார்.

"எந்த மரம்? சந்தியில எறங்குனதுலருந்து பாத்துக்கிட்டுத்தானே வர்றேன். ஒண்ணு தப்பியிருக்கா?"

"அதானே" என்றார் கந்தப்பன்.

"வேற சாதி மரத்துல கிளைய வச்சுக்கிட்டா என்னாங்க?" பேச்சியம்மா மெதுவாகக் கேட்டாள்.

"ஏன், சவுக்கக் கொண்டாந்து வைப்போமே! ஊனுனா தழையுமா அது? எம்மவன் கால் காஞ்ச வெறகா நின்னுச்சுன்னா யாரு பதில் சொல்றது? சும்மாவே எங்க லயத்துல நாலு வாயி நாப்பது பேசுது. ஆத்தா எறங்கிப் போகட்டும். தைக்கு மேல பாத்துக்குவோம்."

தைக்கு மேல். மூன்று பேர் சொல்லி அனுப்புகிறோம் என்று போன வீட்டில் தைக்கு மேல் என்றால் என்ன அர்த்தம் என்று சின்னப்பிள்ளைக்குக் கூடத் தெரியும். குசினியிலிருந்து பூரணி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். "குடிங்க மாமி, ஆறிடும்" என்றாள்.

அவர்கள் போனபிறகு அவள்தான் அப்பாவைத் தேற்றினாள். "எனக்குப் போட்டப்ப வேப்பிலையால விசுறுனீங்கல்ல? போயி மரத்துக்கும் விசுறுங்கப்பா, சீக்கிரம் எறங்கிரும்" என்று சிரித்தாள். ஆனால் பாதி ரொட்டியைத் தின்றுவிட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டாள். பேச்சியம்மா அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சோலைமலை பக்கம் திரும்பவில்லை.

மறுநாளிலிருந்து வேலை முடிந்ததும் சோலைமலை மரம் தேடிப் போனார். தலையில் படங்குச் சாக்கைப் போட்டுக்கொண்டு மழையோடு மழையாக மலை மலையாக அலைந்தார். பக்கத்துத் தோட்டத்துக்குப் போனார். ஆற்றுக்கு அந்தப்பக்கம் நாடு என்கிற சிங்களக் கிராமத்துக்குப் போய், தெரிந்த சிங்களத்தில் கேட்டு, அவர்களுடைய மிளகுக் கொடி படர்ந்த முருங்கையையும் பார்த்தார். எங்கே போனாலும் அதே முண்டு, அதே முடிச்சு.

நாலாம் நாள் கால் சோர்ந்து தன் மரத்தடியிலேயே வந்து குந்தினார். பக்கத்தில் ஓர் இலை, தானாக விழுந்தது, கிடந்தது. வெட்டத்தானே கூடாது? விழுந்ததைத் தொடலாம் என்று தமக்குத் தாமே ஒரு சட்டம் போட்டுக்கொண்டு எடுத்தார். முடிச்சு ஒன்றைக் கட்டைவிரல் நகத்தால் கீறினார். உள்ளே சின்னக் குழி. குழிக்குள் வெள்ளையாக ஒரு புழு, ஊசி முனை அளவு. இன்னொன்றைக் கீறினார். அதிலும் ஒன்று. அவசர அவசரமாக ஏழெட்டைக் கீறிவிட்டார். ஒவ்வொரு முத்துக்குள்ளும் ஒரு குடித்தனம் இருந்தது.

"பேச்சி! ஏய் பேச்சி! ஒரு போத்தல் கொண்டா!"

ஜேம் போத்தல் வந்தது. கிடந்த இலைகளையெல்லாம் பொறுக்கி உள்ளே போட்டு, வாயைத் துணியால் கட்டி, அடுப்பு மேல் பரணில் வைத்தார். மறுநாள் கொழுந்து பறிக்கப் போகுமுன் பேச்சியம்மாவும் ஒரு தடவை பரணை எட்டிப் பார்த்ததை அவர் கவனித்தார். மூன்றாம் நாள் காலையில் துணியின் உள்பக்கம் எள்ளில் பாதியாகப் பொட்டுப் பொட்டாகப் பூச்சி நடந்துகொண்டிருந்தது.

போத்தலைத் தூக்கிக்கொண்டு செல்வமலர் டீச்சரிடம் ஓடினார். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிற யாழ்ப்பாணத்து அம்மா. வடக்கே சண்டை மூண்டு பாதையை மூடிவிட்டதால் விடுமுறைக்கு ஊருக்குப் போகமுடியாமல் குவார்ட்டர்ஸிலேயே இருந்தார். பூதக்கண்ணாடியை வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"அண்ணை, இது குளவி."

சோலைமலை போத்தலைக் கீழே போடப் பார்த்தார். தேயிலை மலையில் அந்தச் சொல்லுக்கு ஓடாதவர் யார்? "குளவியாங்க! கொட்டிப்புடுமே!"

"ஐயோ, இது கொட்டாது. இஞ்ச கண்ணாடிக்குள்ளால பாருங்கோ. இலைக்குள்ள முட்டையை வைச்சிட்டுப் போகும். குஞ்சு உள்ளுக்கையே இருந்து திண்டு வளரும். அது இருக்கிற இடந்தான் இப்பிடி வீங்குது. பேர் எனக்கும் தெரியேல்ல. ஆனா நோய் வருத்தமில்லை இது, பூச்சிதான்."

"ஆத்தா இல்லீங்களே?"

டீச்சர் கண்ணாடியை எடுத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார். "அதைப் பற்றிச் சொல்ல நான் ஆர், அண்ணை? நான் கண்டதைத்தான் சொல்லுறன்" என்றார்.

*

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புருசனும் பெண்சாதியும் அட்டனுக்கு பஸ் ஏறி, அங்கிருந்து ரயிலில் பட்டிப்பொலைக்குப் போனார்கள். போத்தல் சோலைமலை மடியில். மேலே போகப் போகக் குளிர். பேச்சியம்மா முந்தானையால் போத்தலைப் போர்த்திவிட்டாள். என்ன போர்த்தி என்ன, நாகலெட்சுமி வீட்டு இஸ்தோப்பில் எடுத்து வைத்தபோது எல்லாப் பூச்சியும் அடியில் விறைத்துக் கிடந்தது.

"என்னாது, மொளகுத்தூளா?" என்றாள் நாகலெட்சுமி.

"குளவிங்க சம்பந்தியம்மா. இதுதான் மரத்தப் புடிச்சிருக்கு. அம்மை இல்லீங்க. காலையில ஏறுறப்பக்கூட நடந்துச்சுங்க. சத்தியமா நடந்துச்சு."

நாகலெட்சுமி போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். குலுக்கிப் பார்த்தாள். கந்தப்பனிடம் கொடுத்தாள். அவரும் குலுக்கினார்.

"சரி, பூச்சியாவே இருக்கட்டும். இத ஆத்தா அனுப்பலன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?"

வழியெல்லாம் சோலைமலை யோசித்து வைத்திருந்த பேச்செல்லாம் போய்விட்டது. வாயைத் திறந்தவர், பதினேழு வருசத்துக் கதையைக் கொட்டிவிட்டார்.

"அனுப்பியிருந்தா என் மேலதாங்க அனுப்பியிருக்கணும். புள்ள அம்மையில கெடந்தப்ப நாந்தான் மரம் வெட்டப் போனேன். அந்தத் தழும்பு நான் வெட்டுன வெட்டுங்க. எனக்கு என்னா தண்டனை வேணுமுன்னாலும் குடுக்கட்டும். அந்தப் புள்ள என்னாங்க செஞ்சிச்சு? அது ஒரு வார்த்த எங்கள நொந்து பேசுனதில்ல. கல்யாணத்த மட்டும் நிப்பாட்டாதீங்க." கண்ணீர் தாடியில் இறங்கியது, துடைக்கவும் இல்லை. பேச்சியம்மா தரையைப் பார்த்துக்கொண்டு முந்தானை நுனியைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தாள்.

நாகலெட்சுமி எழுந்து உள்ளே போய், உருளைக்கிழங்கு அவித்ததையும் மிளகாயையும் கொண்டுவந்து வைத்தாள். தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சாப்புடுங்க மொதல்ல. நான் என்னா ஒங்க மவள வேணாமுன்னா சொன்னேன்? மூஞ்சியில அம்மை, இப்ப மரத்துலயும் அம்மையான்னு பீலியடியில ஒருத்தி கேட்டா. சண்ட போட்டுட்டுத்தான் ஒங்க வீட்டுக்கு வந்தேன். வந்து பாத்தா மரம் அப்புடி நிக்கிது. பயந்துட்டேன் சம்பந்தி. நானும் மனுசிதானே?"

"அதானே" என்றார் கந்தப்பன், முதல்தடவையாக மனசார.

அவள் ஒரு கிழங்கைத் தோலுரித்து பேச்சியம்மா கையில் வைத்தாள். "இந்தாங்க, கேளுங்க. பூச்சின்னா ஒரு கொறையும் இல்ல. ஆத்தான்னா மூணு தண்ணி ஊத்துனா எறங்கிருவா. நம்ம புள்ளைகளுக்கு அப்புடித்தானே ஊத்துறோம்? ரெண்டுல எதுவா இருந்தாலும் ஆவணி பதினெட்டுக்கு என்னா? நானே வந்து ஊத்துறேன். என் கையால ஊத்துனேன்னா எந்த வாயி பேசுமுன்னு பாப்போம்."

வந்தாள். பத்து நாள் அங்கேயே தங்கி, ஒன்றுவிட்டு ஒரு நாள் மூன்று தண்ணீரும் ஊற்றினாள். மரத்துக்கு முன்னால் கூழ் காய்ச்சி வைத்தாள். லயமே கூடி நின்று பார்த்தது. மூன்றாம் தண்ணீர் ஊற்றியும் இலையில் ஒரு முடிச்சுக்கூடக் குறையவில்லை. வீரம்மா அதை மெதுவாக எடுத்துச் சொன்னாள்.

"அம்மை எறங்குனா தழும்பு இருக்காதா?" என்று நாகலெட்சுமி திரும்பினாள். "இருந்துட்டுப் போகுது! மரம் நல்லாத்தானே நிக்கிது?" பிறகு குடத்தில் மிச்சமிருந்த மஞ்சள் தண்ணீரைக் கையில் தொட்டு, பக்கத்தில் நின்ற பூரணியின் இரண்டு கன்னத்திலும் தடவிவிட்டாள். பூரணி அப்போதுதான் அழுதாள்.

*

ஆவணி பதினேழு. வெயில் வந்துவிட்டது. பந்தலுக்குக் குழி தோண்டியாயிற்று, மேளக்காரர்கள் வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். சோலைமலை குளித்து, ஈரத் துண்டோடு, கவ்வாத்துக் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு தன் மரத்தில் ஏறினார். கீழே பேச்சியம்மா. மற்றவர்கள் எட்டி நின்றார்கள்.

நேரான கிளையொன்றைப் பார்த்துக் கத்தியை ஓங்கினார். கை இறங்கவில்லை. ஆயிரம் மரம் கழித்த கை!

"என்னாங்க?" என்றாள் பேச்சியம்மா.

"ஒண்ணுமில்ல புள்ள. கை வரல."

அவள் மரத்தோடு ஒட்டி வந்து நின்றாள். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினாள்.

"அன்னிக்கு நீங்க வெட்டுனதுனால இல்ல."

"அத விடு இப்ப."

"விட முடியலங்க. அன்னிக்கு சம்பந்தி வீட்டுல நீங்க அழுததுலருந்து என்னால முடியல. மூணு நாளு நான் கண்ண மூடல, புள்ள கையைப் புடிச்சுக்கிட்டே இருந்தேன், சொறிஞ்சிரக் கூடாதுன்னு. நாலாம் நாள் நீங்க போனதும் அப்புடியே அசந்துட்டேன். முழிச்சுப் பாத்தா புள்ள சொறிஞ்சு சொறிஞ்சு ரத்தம். நாந்தான் தூங்கிட்டேன். அத என்னால தாங்க முடியல. நீங்க வாசல்ல வந்து நின்னீங்க, ஒங்க மேல போட்டுட்டேன்." அவள் மூக்கைச் சிந்தினாள். "போட்டுட்டு, திரும்ப எடுக்கத் தெரியல எனக்கு."

சோலைமலை கிளையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார். நரைத்த தலை, அதில் இன்றைக்கென்று வைத்த கனகாம்பரம். பதினேழு வருசமாக ஒரே தட்டில் சம்பல் பிசைந்து தின்றுவிட்டு, ஒரே பொய்யை இரண்டு பக்கமாகத் தூக்கிக்கொண்டு இருந்திருக்கிறோமே என்று நினைத்தார். கோபம் வரும் என்று கொஞ்சம் காத்திருந்தும் பார்த்தார். வரவில்லை. மூன்று நாள் தூங்காத அந்த இளவயசுப் பேச்சியை நினைத்துத்தான் நெஞ்சு வலித்தது.

"மூணு நாளு முழிச்சா மனுசருக்குத் தூக்கம் வராதா?" என்றார். "கூறு கெட்டவளே. மடிய விரி. தரையில பட்டுறப் போகுது."

பேச்சியம்மா அழுதுகொண்டே முந்தானையை இரண்டு கையாலும் அகல விரித்தாள். மேலே ஒரே வெட்டு. கிளை இலையோடு, முண்டோடு முடிச்சோடு அவள் மடியில் வந்து விழுந்தது. எள்ளில் பாதியளவுப் பூச்சிகள் எழுந்து அவள் தலையைச் சுற்றின. அவள் ஒன்றையும் விரட்டவில்லை.

"பட்டுச்சா?" என்றார் மேலேயிருந்து.

"இல்லங்க. புடிச்சிட்டேன்."